தேதியை டைம்ஸ்டாம்ப் ஆக்குவது: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகு டோக்கன் பதிவு, மீன் ஏலக் கணக்கு, ஐஸ் விநியோகம், ராமேஸ்வரத்து விடுதி முன்பதிவு என்று வேலை எதுவாக இருந்தாலும், நிரலில் ஏதோ ஓரிடத்தில் தேதியும் மணியும் ஓர் எண்ணாக மாற வேண்டியிருக்கிறது. தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் சிறு மென்பொருள் எழுதுகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நிரல் வரிகளைத் தரவில்லை. மொழி எதுவானாலும் கணக்கு ஒன்றே. ஃபங்ஷன்களின் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன்.

டைம்ஸ்டாம்ப் என்றால் சரியாக என்ன?

1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) படி நள்ளிரவு 0:00 மணியிலிருந்து இதுவரை எத்தனை விநாடிகள் கடந்தன என்ற எண்ணிக்கை. யூனிக்ஸ் வழி வந்த எல்லா இயங்குதளங்களும் இதையே பயன்படுத்துகின்றன. அந்தத் தொடக்க நொடியில் பாம்பனில் கடிகாரம் காலை 5:30 காட்டியது; கிழமை வியாழன்.

எண் 100 கோடியைத் தொட்டது 2001 செப்டம்பர் 9 காலை 7:16:40-க்கு. 170 கோடியைத் தொட்டது 2023 நவம்பர் 15 அதிகாலை 3:43:20-க்கு. இரண்டும் இந்திய நேரம். லண்டன்காரருக்கு அந்த இரண்டாவது நொடி முந்தைய நாள் இரவு 10:13:20. ஆனால் எண் இருவருக்கும் ஒன்றுதான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: எண்ணுக்கு ஊர் கிடையாது, தேதிக்கும் மணிக்கும் ஊர் உண்டு. "15ஆம் தேதி காலை 6 மணி" என்று யாராவது கொடுத்தால், எந்த ஊர்க் கடிகாரத்தில் 6 மணி என்று தெரியாதவரை அதை மாற்ற முடியாது. நிரல் அதைக் கேட்காமலே ஒரு விடை தருகிறது என்றால், அதுவாக ஓர் ஊரை ஊகித்துக்கொண்டது என்று பொருள்.

ஏன் 1970?

வசதிக்காக. 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில் கணக்கு 1971 ஜனவரி 1-இல் தொடங்கியது; அலகும் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. 32 பிட் எண்ணில் அப்படி எண்ணினால் ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டில் இடம் தீர்ந்துவிடும். பிறகு முழு விநாடிக்கு மாற்றி, தொடக்கத்தை 1970-இல் நிறுத்தினார்கள். வேறு தத்துவம் எதுவும் இல்லை.

நிரல் நூலகம் எதுவும் இல்லாமல் கையாலேயே கணக்கிட முடியுமா?

முடியும். ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2025-இன் தடை தொடங்கிய நொடி, அதாவது ஏப்ரல் 15 இந்திய நேரம் 0:00, என்ன எண்?

1970 தொடங்கி 2024 முடிய 55 ஆண்டுகள். 55 × 365 = 20,075. நடுவில் வந்த லீப் ஆண்டுகள் 1972 முதல் 2024 வரை 14. ஆக 20,089 நாட்கள். 2025-இல் ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, சேர்த்தால் 90. ஏப்ரலில் முழுதாகக் கடந்தவை 14. மொத்தம் 20,193 நாட்கள். நாளுக்கு 86,400 விநாடி என்று பெருக்கினால் 1,744,675,200.

இங்கேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இது யுடிசி நள்ளிரவு. நம் நள்ளிரவு அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது. ஐந்தரை மணி 19,800 விநாடி. அதைக் கழிக்க வேண்டும்: 1,744,655,400. கூட்டுவதா, கழிப்பதா என்று குழம்பும்போது "சூரியன் யாருக்கு முதலில்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு முதலில். ஆகவே நம் நள்ளிரவின் எண் சிறியது.

முடிவு? ஜூன் 14 இரவு 11:59:59 என்று எழுதுகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஜூன் 15 இந்திய நேரம் 0:00-ஐ எல்லையாக வைத்து, "இதற்குக் குறைவாக" என்று சோதியுங்கள். அந்த எண் 1,749,925,800. கழித்துப் பாருங்கள்: 5,270,400 விநாடி, 86,400-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 61 வரும். 11:59:59 என்று வைத்தவருக்கு ஒரு விநாடி குறையும், நாள் கணக்கு 60 என்று வெட்டுப்படும்.

எங்கள் ஏலக் கணக்கில் தினசரி மொத்தம் ஒத்துப்போகவில்லை. மாத மொத்தம் மட்டும் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. ஏன்?

இது கரையோரத்துக்கே உரிய நோய். ஊருக்குள் ஒரு துணிக்கடைக்கு இதே மென்பொருளைக் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் பிழை வெளியே தெரியாது. துணிக்கடை காலை ஒன்பதுக்குத்தான் திறக்கிறது. மீன் ஏலம் இருட்டோடு தொடங்கிவிடுகிறது.

ஓர் உருப்படியைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஏப்ரல் 9, அதிகாலை 4:40. ஒரு கூடை நண்டு ஏலம் போகிறது. கணக்கர் கைபேசியில் தட்டுகிறார். எண் சரியாகவே பதிவாகிறது. இரவு மேலாளர் "இன்றைய மொத்தம்" என்று அழுத்துகிறார். சர்வர் யுடிசியில் ஓடுகிறது. அதன் கண்ணில் அந்த நண்டு ஏப்ரல் 8 இரவு 11:10-க்கு விற்றது. ஆக முந்தைய நாளில் போய்ச் சேர்கிறது. காலை 5:30-க்கு முன் விற்ற ஒவ்வொரு கூடையும் ஒரு நாள் பின்னே நகர்கிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒன்று, திரையில் ஒன்று. மாதக் கணக்கில் முதல் நாளின் அதிகாலையும் அடுத்த மாத முதல் நாளின் அதிகாலையும் மட்டுமே இடம் மாறுவதால் அது ஏறக்குறையச் சரியாகத் தெரிகிறது. கணக்கர்மீது சந்தேகப்பட்டுச் சம்பளம் பிடித்த முதலாளியையும் இந்தக் கரையில் பார்த்திருக்கிறேன்.

பதிவான எண்ணைத் தொடாதீர்கள். அதில் பிழை இல்லை. நாளாகப் பிரிக்கும் இடத்தில் பிழை. முதலில் இந்திய நேரமண்டலத்துக்கு மாற்றி, பிறகு தேதியை எடுத்து, அதன்படி கூட்டுங்கள்.

வேறு வடிவத்திலும் இதே நோய் வரும். தேதி மட்டும் உள்ள பதிவுகளில் எல்லாம் "காலை 5:30" என்று ஒட்டிக்கொண்டிருந்தால், யுடிசி நள்ளிரவாகச் சேமித்து இந்திய நேரத்தில் காட்டுகிறீர்கள். பிழை சரியாக 11 மணி நேரம் என்றால், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள், அல்லது திருத்தமே வேண்டாத எண்ணை இரண்டு இடங்களில் திருத்தியிருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் நேர வித்தியாசத்தைக் கேட்டால் இந்தியாவுக்கு மைனஸ் 330 நிமிடம் என்று குறி மாற்றித் தரும். 11 மணிப் பிழைகளில் கணிசமானவை அங்கிருந்து வருபவை.

எப்போதும் 19,800-ஐக் கூட்டிக் கழித்தால் போதாதா? இந்தியா முழுக்க ஒரே நேரம்தானே?

1945 அக்டோபர் 15-க்குப் பிறகான இந்திய நேரத்துக்கு விடை சரியாகவே வரும். இருந்தும் செய்யாதீர்கள். இப்படிச் செய்கிறவர்கள் எண்ணையே திருத்திவிட்டு அதற்கும் டைம்ஸ்டாம்ப் என்றே பெயர் வைக்கிறார்கள். அடுத்து அந்த நிரலைத் தொடுகிறவர் அதை உண்மை என்று நம்பி இன்னொரு முறை திருத்துவார். நேரமண்டலத்தின் பெயரைக் கொடுத்து வேலை வாங்குங்கள்: ஏசியா/கொல்கத்தா. சில உலாவிகள் இன்னமும் ஏசியா/கல்கத்தா என்ற பழைய பெயரைத் திருப்பித் தரும், இரண்டும் ஒன்றே. இந்திய நேரத்தைக் குறிக்கும் ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன.

எதிர்க்கரை இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். ஒரே மண்டலப் பெயரைப் போட்டால் என்ன?

இன்றைய தேதிக்குப் பிழை வராது. பழைய பதிவுகளுக்கு வரும். 1996 மே 25-இல் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, யுடிசியை விட ஆறரை மணி முந்தியது. அதே ஆண்டு அக்டோபர் 26-இல் அரை மணி பின்னே இழுத்து ஆறு மணியில் நிறுத்தியது. 2006 ஏப்ரலில் தமிழ்–சிங்களப் புத்தாண்டை ஒட்டி மீண்டும் ஐந்தரைக்கே வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள சிறிய நீர்ப்பரப்பில் அரை மணி நேர இடைவெளி இருந்தது.

2000 ஜனவரி 1 காலை 6:00 என்பது தலைமன்னார்க் கடிகாரத்தில் 946,684,800. ராமேஸ்வரக் கடிகாரத்தில் 946,686,600. ஒரே எழுத்து, ஒரே தேதி, 1,800 விநாடி வேறுபாடு. எதிர்க்கரைப் பதிவுகளுக்கு ஏசியா/கொழும்பு என்றே போடுங்கள். இந்த வரலாறு முழுவதும் நேரமண்டலத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உலகெங்கும் கணினிகள் பயன்படுத்தும் அந்தத் தரவுத்தளத்தைத் தன்னார்வலர்கள்தாம் பராமரிக்கிறார்கள்.

அரசு ஓர் அறிவிப்பில் கடிகாரத்தை மாற்றிவிடலாம் என்பதற்கும் இதுவே சாட்சி. அடுத்த ஆண்டு ஒரு நாள் காலை 9 மணிக்குக் கூட்டம் என்றால் அதை வெறும் எண்ணாக மட்டும் வைக்காதீர்கள். "காலை 9 மணி, இந்த ஊர்" என்பதையும் சேர்த்து வையுங்கள். நடந்து முடிந்ததற்கு எண் போதும். நடக்கப்போவதற்கு ஊரும் வேண்டும்.

சி மொழியில், தேதியை டைம்ஸ்டாம்ப் ஆக்கும் மேக்டைம் ஃபங்ஷன் தவறான தேதியைத் தருகிறது. மாதம் ஒன்று தள்ளிப்போகிறது, ஆண்டு எங்கோ போகிறது.

மாதம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகிறது. ஏப்ரல் என்றால் 3. ஆண்டு 1900-ஐக் கழித்து வர வேண்டும். 2025 என்றால் 125. நாள் மட்டும் 1-இலிருந்து. இந்தக் கலப்படத்தை யார் நியாயப்படுத்தினாலும் நான் ஏற்கமாட்டேன். ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜாவாவின் பழைய காலண்டர் வகுப்பும் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்தே எண்ணுகின்றன. ஜாவா 8-இல் வந்த புதிய நேர நூலகம் மாதத்தை 1-இலிருந்து எண்ணுகிறது, பைத்தானும் அப்படியே. பிஎச்பியின் மேக்டைம் கேட்கும் வரிசையே வேறு: மணி, நிமிடம், விநாடி, பிறகு மாதம், நாள், ஆண்டு.

கோடைக்காலக் கடிகாரக் கொடியையும் (கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாடுகளுக்கான குறி) கவனியுங்கள். நிரப்பாமல் விட்டால் குப்பை எண் உள்ளே இருக்கும். மைனஸ் 1 என்று வைத்து, "நீயே கண்டுபிடித்துக்கொள்" என்று விட்டுவிடுங்கள்.

மேக்டைம் தன் கணினியின் உள்ளூர் நேரத்தை வைத்தே மாற்றுகிறது. உங்கள் மடிக்கணினியில் உள்ளூர் என்றால் இந்தியா. வாடகை சர்வரில் பெரும்பாலும் யுடிசி. அதே நிரல் இரண்டு இடங்களில் இரண்டு எண் தருவது இதனால்தான். உள்ளே வருவது யுடிசி என்று உறுதியாகத் தெரிந்தால் டைம்ஜிஎம் பயன்படுத்துங்கள்.

ஜூன் 31 என்று கொடுத்தால் பிழை காட்டாமல் ஏற்றுக்கொள்கிறதே?

ஜூலை 1 என்று திருத்திக்கொள்கிறது. இது வசதிக்காக வைத்த குணம்: இன்றைக்கு 61 நாள் கழித்து என்ன தேதி என்று பார்க்க, நாளோடு 61-ஐக் கூட்டி மேக்டைமிடம் கொடுத்தால் மாதத்தை அதுவே உருட்டிவிடும். பயனரிடமிருந்து வரும் தேதிக்கு இந்தக் குணம் ஆபத்து. மாற்றிய பின் திரும்பவும் தேதியாக்கி, கொடுத்த நாளும் மாதமும் அப்படியே வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

மாற்ற முடியாவிட்டால் மேக்டைம் மைனஸ் 1 தரும். சிக்கல் என்னவென்றால், மைனஸ் 1 உண்மையான விடையாகவும் இருக்கலாம்: 1970 ஜனவரி 1, இந்திய நேரம் காலை 5:29:59. பிரித்தறிய, அழைக்கும் முன் கிழமைப் பெட்டியில் மைனஸ் 1 போட்டு வையுங்கள். வெற்றி என்றால் அது 0 முதல் 6-க்குள் மாறியிருக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதி மட்டும் கொடுத்தால் ஒன்று, மணியோடு கொடுத்தால் வேறொன்று வருகிறது.

"2025-04-15" என்று தேதி மட்டும் கொடுத்தால் யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு மணியைச் சேர்த்து, நேரமண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்கிறது. தர நிர்ணயமே அப்படி. கடைசியில் "+05:30" என்று எழுதிவிட்டால் ஊகத்துக்கு இடமே இல்லை. எழுத்தில் உள்ள தேதியை எண்ணாக்கும் பிஎச்பியின் ஸ்ட்ரிங்-டு-டைமிலும் ஒரு பொறி உண்டு: 03/04/2025 என்று சாய்கோடு போட்டால் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4, 03-04-2025 என்று சிறுகோடு போட்டால் ஏப்ரல் 3. பைத்தானில் நேரமண்டலம் ஒட்டாத தேதியை டைம்ஸ்டாம்ப் ஆக்கினால் உள்ளூர் நேரம் என்றே கொள்ளும். இப்போதைய யுடிசி நேரத்தைச் சொல்லும் யுடிசிநவ் தருவதும் அப்படி ஒட்டாத ஒன்றுதான் என்பதால், நம் மடிக்கணினியில் ஐந்தரை மணி பிழை கையோடு வரும். 3.12 பதிப்பிலிருந்து அதைக் கைவிடச் சொல்கிறார்கள். 3.9-இலிருந்து நேரமண்டலங்களுக்கான ஜோன்இன்ஃபோ நூலகம் உள்ளேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

1964 புயலைப் பற்றிய காலவரிசை ஒன்றைச் செய்கிறோம். 1970-க்கு முந்தைய தேதி எப்படி?

எண் மைனஸில் போகும், அவ்வளவுதான். தனுஷ்கோடியை அழித்த புயலின் இரவு டிசம்பர் 22-க்கும் 23-க்கும் நடுவில். அந்த நள்ளிரவு, இந்திய நேரம் 1964 டிசம்பர் 23, 0:00, டைம்ஸ்டாம்ப்பில் மைனஸ் 158,563,800.

கணக்கு எளிது, கருவிகள்தாம் முரண்டு பிடிக்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டைம்ஸ்டாம்ப் வகை 1970-க்கு முன் எதையும் ஏற்காது. அங்கே டேட்டைம் வகையை எடுங்கள். விண்டோஸில் மேக்டைம் மைனஸ் எண்ணை மறுக்கும். நீங்களே வகுத்து நாளாக்கும்போது இன்னொரு வழுக்கல்: சி, ஜாவா போன்ற மொழிகளில் முழு எண் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும். மைனஸ் 1-ஐ 86,400-ஆல் வகுத்தால் 0 வரும்; உங்களுக்கு வேண்டியது மைனஸ் 1-ஆம் நாள். கீழ்நோக்கி முழுமையாக்கும் வகுத்தலைப் பயன்படுத்துங்கள். பைத்தான் இயல்பாகவே அப்படித்தான் செய்யும்.

இன்னும் பின்னே போனால் ஊர் நேரமே மாறுகிறது. போர்க்காலத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. 1906-க்கு முன் ரயில்வே மதராஸ் நேரத்தைப் பின்பற்றியது. அது யுடிசியை விட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முந்தியது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது இன்றைய நேரம் வந்துவிட்டிருந்தது.

பிறந்த தேதியையும் இப்படியே சேமிக்கலாமா?

கூடாது. பிறந்த தேதி ஒரு நொடி இல்லை, நாட்காட்டியின் ஒரு கட்டம். அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் பிறந்தது 1931 அக்டோபர் 15. அதை இந்திய நள்ளிரவாக எண்ணாக்கினால் மைனஸ் 1,205,991,000. யுடிசியில் ஓடும் சர்வர் அதைத் திருப்பிக் காட்டும்போது அக்டோபர் 14 ஆகிவிடும். பள்ளிச் சேர்க்கைப் படிவங்களிலும் அடையாள அட்டை விண்ணப்பங்களிலும் ஒரு நாள் குறைவாக வரும் பிறந்த தேதிகளில் பல இந்த வழியில் வந்தவை. தேதி என்ற வகையிலேயே வையுங்கள். விடுமுறை நாள், உரிமம் காலாவதியாகும் நாள் எல்லாவற்றுக்கும் இதே விதி.

படகில் உள்ள பழைய ஜிபிஎஸ் கருவி இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது ஆண்டு பின்னே இருக்கிறது. கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இந்தக் கேள்வியை 2019-க்குப் பிறகு படகு உரிமையாளர்கள்தாம் அதிகம் கேட்டார்கள்.

ஜிபிஎஸ்ஸின் நாட்காட்டி வேறு. அது 1980 ஜனவரி 6-இல் தொடங்கி, வாரத்தின் எண்ணையும் வாரத்துக்குள் கடந்த விநாடிகளையும் ஒலிபரப்புகிறது. வாரத்தின் எண்ணுக்குக் கொடுத்த இடம் 10 பிட் மட்டுமே. 1,023 வரை போய் மறுபடி பூஜ்யமாகும். முதல் சுற்று 1999 ஆகஸ்டில் முடிந்தது, இரண்டாவது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். பழைய கருவி பூஜ்யத்தைப் பார்த்ததும் "1999 ஆகஸ்ட்" என்று நினைத்துக்கொள்கிறது. இடத்தைக் கணக்கிடுவது விநாடியின் நுண்பங்குகளை வைத்து என்பதால் அது பிசகுவதில்லை. வலை விட்ட இடத்தைக் குறித்து வைத்திருக்கும் ஓட்டிக்கு இழப்பு எதுவும் இல்லை. பயணப் பதிவைக் கணினியில் இறக்கிக் கணக்கெழுதுகிறவருக்குத்தான் தலைவலி.

திருத்தம் எளிது. பின்தங்கியது சரியாக 1,024 வாரம், அதாவது 7,168 நாள், 619,315,200 விநாடி. அந்த எண்ணைக் கூட்டினால் போதும். எந்தக் கருவியிலிருந்து வந்த பதிவுகள் என்று பிரித்து, அவற்றுக்கு மட்டும் கூட்டுங்கள். அடுத்த சுற்று 2038 நவம்பரில் முடிகிறது.

ஜிபிஎஸ் விநாடி எண்ணிக்கையை நேரடியாகப் பெறுகிறீர்கள் என்றால் அதோடு 315,964,800-ஐக் கூட்டி, 18-ஐக் கழியுங்கள். 1980-க்குப் பிறகு யுடிசியில் செருகிய லீப் விநாடிகள், அதாவது கூடுதல் விநாடிகள், 18. ஜிபிஎஸ் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலான கருவிகள் கணினிக்கு அனுப்புவது எழுத்து வரிகளாக: மணி ஆறு இலக்கம், தேதி ஆறு இலக்கம். மணி 183000, தேதி 150425 என்று வந்தால் அது 2025 ஏப்ரல் 15, யுடிசி 18:30. மண்டபம் துறையில் அப்போது ஏப்ரல் 16 பிறந்துவிட்டது.

லீப் விநாடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். யூனிக்ஸ் எண் அவற்றை இல்லாதவை போல நடத்துகிறது. நாளுக்கு எப்போதும் 86,400. கடைசியாக ஒன்று செருகப்பட்டது 2016 டிசம்பர் 31 முடிவில்; நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை 5:30-க்கு ஒரு நொடி முன். 2035-க்குள் இந்த வழக்கத்தை நிறுத்துவதென்று 2022-இல் முடிவாகிவிட்டது.

பத்து இலக்கமா, பதின்மூன்று இலக்கமா?

பத்து என்றால் விநாடி, பதின்மூன்று என்றால் மில்லிவிநாடி. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் பதின்மூன்று தருபவை. சி, பிஎச்பி பத்து. தேதி 1970 ஜனவரி 20-ஐச் சுற்றி வந்தால் விநாடியை மில்லிவிநாடி என்று படித்திருக்கிறீர்கள். ஆண்டு ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்று வந்தால் நேர்மாறாக. ஜாவாவில் நாட்களை மில்லிவிநாடியாகப் பெருக்கும்போது சாதாரண முழு எண்ணில் 24 நாள் வரைதான் தாங்கும். 25 நாள் என்றதும் மைனஸுக்குப் போய்விடும். பெரிய எண்ணைத் தாங்கும் லாங் வகையில் பெருக்குங்கள்.

2038-க்கு இன்னும் காலம் இருக்கிறதே?

32 பிட் எண் 2,147,483,647-உடன் முடிகிறது. இந்திய நேரம் 2038 ஜனவரி 19, காலை 8:44:07. அடுத்த நொடியில் அது 1901 டிசம்பருக்குத் தாவும். படகுக்கு 2025-இல் பதினைந்து ஆண்டுக் கடன் எழுதியவருக்குக் கடைசித் தவணை 2040-இல். அவருக்கு 2038 ஏற்கெனவே வந்துவிட்டது. 64 பிட் கணினியில் ஓடுகிறது என்பது மட்டும் போதாது. தரவுத்தளத்தின் பத்தியும் கோப்பின் வடிவமும் எத்தனை பிட் என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை இன்னமும் அந்த 2038 நொடியுடன்தான் முடிகிறது.

எக்செல்லில் உள்ள தேதிகளை மாற்ற வேண்டும்.

எக்செல் நாட்களை எண்ணுகிறது. 1970 ஜனவரி 1 அதற்கு 25,569. செல்லில் உள்ள எண்ணிலிருந்து 25,569-ஐக் கழித்து, 86,400-ஆல் பெருக்கி, இந்திய நேரம் என்பதால் 19,800-ஐக் கழியுங்கள். நாம் முன்பு பார்த்த ஏப்ரல் 15 அங்கே 45,762. விடை அதே 1,744,655,400 வர வேண்டும். ஒரு முறை மட்டும் மாற்றும் வேலை என்பதால் இங்கே 19,800-ஐ அனுமதிக்கிறேன்.

பஞ்சாங்கச் செயலி ஒன்று செய்கிறேன். ஆடி அமாவாசையை எப்படிச் சேமிப்பது?

அமாவாசைத் திதி ஒரு நொடியில் தொடங்கி ஒரு நொடியில் முடிகிறது. அந்த இரண்டையும் டைம்ஸ்டாம்ப்பாக வையுங்கள். அக்னி தீர்த்தத்தில் எந்த நாளில் நீராடுவது என்பது மூன்றாவது தகவல். அது தேதியாக, தனியாக இருக்கட்டும். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. "சனிக்கிழமை பின்னிரவு 3 மணி" என்று அச்சிட்டிருந்தால் கணினிக்கு அது ஞாயிறு. உதயம் ஊருக்கு ஊர் மாறும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வகுத்தது, ராமேஸ்வரம் ஏறத்தாழ 79.3-இல் இருக்கிறது, இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12:13 காட்டும். சென்னைக்கு அச்சிட்ட உதய நேரத்தை அப்படியே இங்கே ஒட்டிவிடாதீர்கள்.

"14ஆம் தேதி இரவு 12 மணி" என்று பயனர் எழுதினால் அவரிடமே திரும்பக் கேளுங்கள். 14 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்பதை நிரல் ஊகிக்கக் கூடாது.

அண்ணா, கடலில் சிக்னல் இருக்காது. கைபேசி சொல்லும் நேரத்தை நம்பிப் பதிவு செய்யலாமா?

நம்பாமல் வேறு வழி இல்லை தம்பி; ஆனால் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வலை இறக்கியதும் கைபேசிக் கடிகாரத்தின் டைம்ஸ்டாம்ப்பைப் பதியுங்கள். கூடவே, கைபேசியை இயக்கியதிலிருந்து எத்தனை விநாடி ஆனது என்ற எண்ணையும் பதியுங்கள். யாராவது கடிகாரத்தைத் திருத்தினாலும் அந்த எண் பின்னோக்கிப் போகாது. வலை இறக்கியதற்கும் எடுத்ததற்கும் உள்ள நேரத்தை இந்த இரண்டாவது எண்ணால்தான் கணக்கிட வேண்டும். ஜிபிஎஸ் நேரம் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் பதிவு சர்வருக்குப் போகும். சர்வர் தனக்கு வந்து சேர்ந்த நேரத்தைத் தனிப் பத்தியில் எழுதட்டும், கைபேசி அனுப்பியதன்மேல் எழுதக் கூடாது. அனுப்பும் நொடியில் கைபேசிக் கடிகாரம் என்ன சொன்னது என்பதையும் உடன் அனுப்பினால், சர்வர் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை விநாடி பிசகு என்று தெரிந்துவிடும். இடையில் யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை என்பதை இயக்க விநாடி எண் உறுதிசெய்தால், அந்தப் பிசகை அன்றைய பயணத்தின் எல்லாப் பதிவுகளிலும் கழித்துக்கொள்ளலாம். நடுக்கடலில் கைபேசி அணைந்து மீண்டும் இயங்கியிருந்தால் அந்த எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதற்கு முந்தைய பதிவுகளைத் தனியாகக் குறியிட்டு வைத்துவிட்டு, ஓட்டியிடம் கேட்டுச் சரிபாருங்கள்.